பண்டமாற்றும் புலவர் நெஞ்சமும்

உழவர் வாழும் ஊர்களிற் கிழமைதோறும் கூடும் சந்தையைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் அதன் வேரைச் சங்கப் பாடல்களிலே தேடுவர். தேடுவது முறையே. காட்டு விளைவும் கடல் விளைவும் வயல் விளைவும் ஓரிடத்தே கைமாறுவதுதானே சந்தை? அக்கைமாற்றத்தை நம் பழம்புலவர்கள் கூர்ந்து நோக்கியுள்ளனர். ஆயின், அப்பாடல்களைக் காட்டி, 'அக்காலத்தே கணக்கில்லை, அச்சமில்லை, கவலையுமில்லை' என்று முடிவு கட்டுவது பாடலைப் பாதியிலே மூடிவிட்டுச் செய்யும் திறனாய்வாகும்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகளைப் பாருங்கள். மோரை விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற உணவால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்கோ பொன்னைக் கொள்ளாது, எருமையும் பசுவும் இளநாகும் பெறுகிறாள். இதனைப் 'பொன்னாசையற்ற எளிமை' என்று போற்றுவர். பொன்னை அறியாதவள் அல்லள் அவள், அறிந்தே மறுக்கிறாள். பொன் கன்று ஈனாது, எருமை ஈனும். மோர் இன்றைய பசிக்கு. நெய் நாளைய தொழுவத்துக்கு. இது பேதைமையன்று, குடும்பம் காக்கும் பெண்ணின் தேர்ந்த கணக்கு.

அகநானூற்று 140 ஆம் பாடலில், அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். நெல்லுக்கு நேர் அளவாக உப்பு எனக் கூவிக்கொண்டு அவள் சேரியுள் வருகிறாள். வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் மருள்கின்றன. அக்கண்களின் அழகிலேயே உரை காண்போர் மயங்கி நின்றுவிடுகின்றனர். அம்மருட்சிக்குக் காரணம் யாது? பிறர் ஊருக்குப் பண்டம் சுமந்து சென்று, வாயில்தோறும் குரல் கொடுக்கும் பெண்ணின் அச்சமன்றோ அது? காதற் பாடலினுள்ளே வணிக வாழ்வின் இடர் ஒன்று ஒளிந்து நிற்கிறது.

இனி, புறநானூற்று 33 ஆம் பாடல். வேட்டுவன் வட்டியில் மான் தசை கொணர்கிறான். ஆய்மகள் தயிர்ப் பானை கொணர்கிறாள். உழவர் வீட்டு மகளிர் அவ்விரு கலங்களும் நிறைய வெண்ணெல்லை முகந்து கொடுக்க, அவர்கள் மகிழ்ந்து திரும்புகின்றனர். மேற்கோள் காட்டுவோர் இவ்விடத்தே நிறுத்திவிடுகின்றனர். பாடலோ நிற்கவில்லை. இவ்வளம் பாண்டியன் நாட்டு வளம்; அந்நாட்டிலே ஏழெயிற் கதவை எறிந்து கைக்கொண்ட சோழன் நலங்கிள்ளியைத்தான் கோவூர் கிழார் பாடுகிறார். நெல் முகக்கும் கையும் கதவு தகர்க்கும் படையும் ஒரே பாடலில் அடுத்தடுத்து வருகின்றன.

அது தற்செயல் ஆகாது. அதே புலவர், ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளிருந்த நெடுங்கிள்ளியை நோக்கி 44 ஆம் பாடலில், பாலின்றிக் குழந்தைகள் அலறுகின்றன என்று இடித்துரைக்கிறார். அறத்தையேனும் மறத்தையேனும் தேர்ந்துகொள்; வாளா அடைத்திருத்தல் நாணுத்தகவு உடைத்து என்பதே அவர் கூற்று. இரு பாடல்களையும் ஒருங்கே வைத்துப் படிப்பார்க்கு உண்மை புலனாகும்: வாயில் அடைபட்டால் தயிர்ப் பானை ஊருக்குள் வாராது, முதலிற் பட்டினி கிடப்பது குழந்தையே.

பண்டமாற்றை மகிழ்ச்சியின் படமாக மட்டும் கண்டோம். புலவரோ அதனை அமைதியின் அளவுகோலாகக் கண்டார். கணக்கும் அச்சமும் போரும் நீக்கிய பொற்காலம் நாம் புனைந்தது, அவர் பாடியதன்று. சந்தையை எழுதும் இன்றைய எழுத்தாளரும் கூடையிலுள்ள பண்டத்தோடு, அதனைச் சுமந்து வந்தவர் முகத்தையும் நோக்குதல் வேண்டும்.