எண்ணப்பட்ட யானைகளும் எண்ணப்படாத மக்களும்

மாயாற்றுப் பாலத்தருகே மைசூர்ச் சாலையும் மசினகுடிச் சாலையும் பிரியும் இடத்தில் இருக்கிறது தெப்பக்காடு. முதுமலையின் யானைகள் முகாம் அங்கேதான். 2021 ஜூன் திங்களில் நாட்டின் பார்வை அந்த முகாமின்மீது விழுந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொரோனா தொற்றிய பெண்சிங்கம் ஒன்று ஜூன் 3ஆம் நாள் மாண்டது. சில நாட்களுக்குள் தெப்பக்காட்டில் 28 யானைகளுக்குச் சோதனை! துதிக்கையிலிருந்து சளி எடுத்து, உத்தரப் பிரதேசத்திலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். நோய் இல்லை என்று விடை வந்தது.

யானைமீது நமக்குப் பொறாமை இல்லை. நற்பணிதான், செய்தவர்களைப் பாராட்டுகிறோம். நம் கேள்வி வேறு. முகாம் யானை ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, வயது உண்டு, இன்ன வேளைக்கு இத்தனை கேழ்வரகு, இத்தனை கொள்ளு என்ற கணக்கு உண்டு. ஆகவேதான் ஆபத்து வந்தபோது, தேடாமல் திகைக்காமல், இருபத்தெட்டு என்று சொல்ல முடிந்தது. இந்தக் கணக்கு மனிதனுக்கு இருந்ததா?

2020 மார்ச் 24, இரவு 8 மணி. தலைமை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு முதல் 21 நாட்கள் நாடு முழுதும் ஊரடங்கு என்றார். இடையே இருந்தவை நான்கே மணி நேரம். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற அந்த ஆணைக்குள்ளே ஒரு நினைப்பு ஒளிந்திருந்தது. எல்லோருக்கும் வீடு உண்டு. வீட்டிலே அரிசி உண்டு. வேலைக்குப் போகாவிடினும் திங்கள் முடிவில் ஊதியம் உண்டு! மாதச் சம்பளம் வாங்கும் நம் போன்றோருக்கு அது பொருந்திற்று. கட்டடத்தின் அடியிலே படுத்து, அந்தக் கட்டடத்தையே கட்டிக்கொண்டிருந்தவனுக்கு? அவன் நடந்தான். மனைவியின் தலையில் மூட்டை, தோளிலே குழந்தை. மே 8ஆம் நாள் விடியற்காலை, ஔரங்காபாத் அருகே இருப்புப் பாதையில் அயர்ந்து உறங்கியவர்கள்மீது சரக்கு வண்டி ஏறி, பதினாறு பேர் மாண்டனர்.

இப்படி வழியிலே மாண்டவர் மொத்தம் எத்தனை பேர்? 2020 செப்டம்பரில் மக்களவையில் இதைக் கேட்டார்கள். அத்தகைய கணக்கு எதுவும் பேணப்படவில்லை என்பது மத்திய அரசு தந்த விடை. கணக்கு இல்லாததால் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று.

“முன்பின் காணாத நோய், அரசு என்ன செய்யும்?” என்பாருண்டு. ஊரடங்கே தவறு என்று நாம் சொல்லவில்லை. மனிதர் விலகி நிற்கவேண்டிய நோய் அது. எனினும் கேரளத்தில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது ஜனவரி 30இல். ஏறத்தாழ எட்டு வாரம் கையிலே இருந்தது. அந்த எட்டு வாரத்தில், எந்த ஊரில் எத்தனை வெளியூர்த் தொழிலாளர், எவரிடம் குடும்ப அட்டை இல்லை என்றாவது எழுதி வைத்திருக்கலாமே!

தமிழகம் மட்டும் தப்பியதா? அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி பருப்பும் தந்தார்கள்; உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு அடைப்பு என்று திடீரென அறிவித்ததும் என்ன நேர்ந்தது? முந்தின நாள் கடைத்தெருவிலே மக்கள் வெள்ளம். விலகி நில் என்றவர்களே நெருக்கியடிக்க வைத்தனர். மே 7ஆம் நாள் மதுக்கடைகளைத் திறந்தார்கள். ஒரே நாளில் விற்பனை 170 கோடி ரூபாயைத் தாண்டிற்று. கோயிலும் பள்ளியும் பூட்டிக் கிடக்க, தேநீர்க்கடைக்காரன் அடுப்பு அணைந்து கிடக்க, மதுவுக்கு மட்டும் வழி பிறந்தது. ஜூலை 22இல் இன்னொரு செய்தி: சென்னையில் விடுபட்டுப்போன 444 கொரோனா மரணங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. விற்பனையை அன்றன்றே எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பிணங்களை எண்ண வாரங்கள் தேவைப்பட்டன.

மக்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை அரசு ஒழுங்கீனமாகவே பார்த்தது. வெளியே வந்தவனைத் தோப்புக்கரணம் போடவைத்தது காவல்துறை. ஏன் வந்தாய் என்று கேட்ட இடங்கள் சில, கேளாமலே தடியை ஓங்கிய இடங்கள் பல. சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகக் கூறிக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அந்த ஜூன் திங்களிலே உயிரிழந்தனர். நோய்க்காலத்தில் அரசு துணைக்கு எடுத்துக்கொண்ட 1897ஆம் ஆண்டுச் சட்டம், பம்பாய்ப் பிளேக்கின்போது வெள்ளையன் இயற்றியது. அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரிக்கு வழக்கிலிருந்து காப்புத் தருகிறது. அடைபட்ட குடிமகனுக்குச் சோறிட வேண்டிய கடமையை அதிலே தேடினால் கிடைக்காது.

மீண்டும் மலைக்கு வருவோம். யானைக்கு ஊரடங்கு இல்லை. ஆகவே பாகனும் காவடியும் நாள்தோறும் வேலைக்கு வந்தார்கள். சுற்றுலாவை நம்பிய மசினகுடி ஜீப் ஓட்டிகளுக்கோ சாலை இருந்தது, சவாரி இல்லை. பள்ளிக்கூடங்களின் நிலையை எழுதக் கை நடுங்குகிறது. எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய கதவு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தது. பத்தொன்பது திங்கள்! கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்திற்று. கைபேசி அலை எட்டாத காட்டூர்ப் பிள்ளைக்கு அது யாருக்கோ நடந்த பாடம். அ, ஆ எழுதப் பழகிய விரல் விறகு பொறுக்கப் பழகிற்று. எத்தனை பிள்ளைகள் திரும்பவில்லை என்று அவரவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிய ஆசிரியருக்குத் தெரியும்.

இவ்வளவும் ஆனபின் இந்த மாவட்டமே வேறொரு காட்சியையும் காட்டிற்று. 2021 ஜூன் முடிவதற்குள், நீலகிரியின் பழங்குடி மக்களில் பதினெட்டு வயது கடந்தோர் ஏறத்தாழ எல்லோருக்கும் முதல் தவணைத் தடுப்பூசி போட்டு முடித்தார்கள். ஊசிக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஒளிந்தவர்களும் இருந்தனர். சுகாதாரப் பணியாளர் சிற்றூர் சிற்றூராக நடந்தனர். அதட்டவில்லை, அமர்ந்து பேசினர். இன்ன பாடியில் இத்தனை பேர், இவருக்குப் போட்டாயிற்று, அவர் மீதி என்று ஏட்டிலே குறித்தனர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஒவ்வொருவரும் அந்த ஏட்டில் ஏறினர். 2021 ஜூனில் நீலகிரிக் காட்டுக்குள் எழுத முடிந்த அந்த ஏட்டை, 2020 மார்ச்சில் பம்பாயிலும் சென்னையிலும் திருப்பூரிலும் எழுதத் தடையாக நின்றது எது?