பங்கு கொடையான வரலாறு

இலக்கியத்தைப் போலவே அரசாங்கத்தின் சொற்களும் விமர்சனத்துக்கு உரியன. ஒரு திட்டத்துக்கு இடப்படும் பெயர், அதைப் பெறுபவனை அரசு எவ்வாறு நோக்குகின்றது என்பதைச் சட்டப் பிரிவுகளைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லிவிடும். இலங்கையில் மக்களுக்கு அரசு வழங்கிவந்த உணவுதவி எண்பது ஆண்டுகளில் பல பெயர்களைத் தாங்கியிருக்கிறது. அவற்றைக் கால வரிசையில் வைத்துப் படிப்போமாயின், பங்காக இருந்த ஒன்று படிப்படியாகக் கொடையாகத் தேய்ந்தமை புலனாகும்.

பங்கு என்ற சொல்லை மன்னார்க் கரையில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் மீன் விற்ற பணம் வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, உழைத்தவனுக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படும். சம்மாட்டிக்குப் போகும் பங்கு பெரிது என்பது வேறு வழக்கு. அதைப் பிறிதொரு சமயம் பேசலாம். ஆயினும் தன் பங்கைக் கேட்கும் தொழிலாளி கைகட்டி நின்று கேட்பதில்லை.

1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடும் இத்தன்மையதே. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மக்கள் மீதுள்ள அன்பினால் அன்று, போர்க்கால நெருக்கடியினாலேயே ஆட்சியாளர் கூப்பன் புத்தகத்தை வழங்கினர். ஆனால் எல்லோருக்கும் வழங்கினர். “நீ ஏழையா?” என்று அப்புத்தகம் கேட்கவில்லை. மணலும் பனையுமான மன்னார்த் தீவுக்கு நெல்வயல் என்பது கடல் கடந்து பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் இருக்கும் ஒன்று. கடலில் உழைத்து அரிசியை விலைக்கு வாங்கி உண்ணும் இத்தகைய கரையோர மக்களுக்குக் கூப்பன் அரிசி எத்துணைப் பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனா கொத்து ஒன்றுக்கு 25 சதமாயிருந்த பங்கீட்டரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நிகழ்ந்த ஹர்த்தாலில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இடதுசாரிக் கட்சிகளின் தலைமையை மட்டும் இவ்வெற்றிக்குக் காரணமாகக் காட்டுவது நம்மிடையே வழக்கம். எழுதுவினைஞரும் துறைமுகத் தொழிலாளியும் விவசாயியும் ஒரே கூப்பன் புத்தகத்தை வைத்திருந்தனர் என்ற எளிய உண்மையை நாம் போதிய அளவு கருதுவதில்லை. ஒருவன் வயிற்றில் விழுந்த அடி எல்லோர் வயிற்றிலும் விழுந்தது.

இடதுசாரிகளும் பங்கேற்று 1970இல் அமைந்த கூட்டரசு, உலகச் சந்தையில் தானிய விலை ஏறிய 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டைக் குறைத்தது. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை கூறுவது நேர்மையாகாது. ஆயினும் அது மக்களைப் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கவில்லை.

பிரித்தவர் மீண்டும் ஜே. ஆர். ஜயவர்தனாவே. 1978 சனவரியில், மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே பங்கீடு என்றாயிற்று. நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விலக்கப்பட்டனர். 1979 செப்டெம்பரில் அரிசியும் போய் உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வயது வரை 20 ரூபா, மற்றையோர்க்கு 15 ரூபா. இங்கேதான் சூழ்ச்சி. கொத்து என்பது என்றும் கொத்துத்தான்; ரூபா அவ்வாறன்று. முத்திரையின் இலக்கம் அசையாமல் நிற்க, விலைகள் ஏறின. சில ஆண்டுகளுக்குள் அதன் மதிப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று. ஒரு சட்டமும் இயற்றாமல் பாதிச் சோற்றைப் பறித்துவிடலாம் என்பது நிரூபணமாயிற்று. இம்முறை ஹர்த்தால் நிகழவில்லை. விலக்கப்பட்டவனுக்கு முத்திரையில் அக்கறையில்லை. பெற்றவனோ கிடைத்ததும் போய்விடுமே என்று அஞ்சினான். 1980இல் எழுந்த பொது வேலைநிறுத்தம் சம்பளத்துக்கானது, அதுவும் முறியடிக்கப்பட்டது.

பின்னர் பெயர்கள் கவர்ச்சியுற்றன. 1989இல் பிரேமதாசவின் சனசவிய, அதாவது மக்கள் வலிமை. மாதம் 2,500 ரூபா. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, எஞ்சியது சேமிப்புக்கு. இரண்டாண்டுகளில் குடும்பம் சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும்! 1995இல் சமுர்த்தி, அதாவது செழிப்பு. இச்செழிப்பு போர் நடந்த வடக்கைப் பெரும்பாலும் எட்டவில்லை. மன்னார் மக்கள் அக்காலத்தில் அறிந்த சொல் நிவாரணம். 1990இல் மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் நிவாரண நிலையங்கள் எழுந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள், புத்தளத்து முகாம்களில் உலர் உணவுப் பொருள்களுக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றனர். மன்னாரின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு வரிசைகளையும் சேர்த்தே எழுதவேண்டும்.

2023 யூலையில் வந்த பெயர் அஸ்வெசும. ஆறுதல் என்பது அதன் பொருள். பங்கிலிருந்து வலிமைக்கும் செழிப்புக்கும் உயர்ந்த சொல் இறுதியில் ஆறுதலில் வந்து விழுந்திருக்கிறது! சர்வதேச நாணய நிதியத்தின் கடனுடன் பிணைந்த இத்திட்டத்தில், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் துறைகளில் 22 குறிகாட்டிகள் கொண்டு வறுமை அளக்கப்படுகிறது. தொடக்கத்தில் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகள். அளப்பது பிழையன்று. ஆனால் வாடைக்கும் சோளகத்துக்கும் ஏற்ப வருமானம் ஏறியிறங்கும் கடற்றொழிலாளியின் வாழ்வை ஒருநாள் கணக்கெடுப்பு எப்படி அளக்கும்? போருக்குப் பின் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீடே அவனுடைய வறுமைக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். அடுப்பு எரிகிறதா என்பதை அந்தச் சுவர் சொல்லாது.

உணவுதவி பற்றிப் பேசும் நம் புலவர்கள் மேடைதோறும் மணிமேகலையின் அமுதசுரபியை எடுத்துக்காட்டுவர். அக்காவியத்தின் அருளுள்ளம் பெரிது. ஆயினும் அது பிச்சைப் பாத்திரம் என்பதை மறத்தலாகாது. அள்ளக் குறையாத அந்தப் பாத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் அருளையே உண்பவர் நம்பியிருக்க வேண்டும். கூப்பன் புத்தகமோ உண்பவர் கையில் இருந்தது.

தலைமன்னாருக்கு அப்பால் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றரில் தனுஷ்கோடி. 1997இல் இந்திய நடுவணரசு குடும்ப அட்டைகளை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் எனப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்காமல் பொது விநியோகத்தை எல்லோர்க்குமாக நிலைநிறுத்தியது. 2011 முதல் அங்கே அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி. முகாம்களிலுள்ள ஈழத்து அகதிகளுக்கும் நீண்டகாலம் கிலோ 57 காசுக்கு அரிசி கிடைத்தது. 2022 மார்ச்சில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பதினாறு பேர் படகேறி அக்கரை சேர்ந்தனர். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களை விரட்டியது அரிசி விலை. அவ்வாண்டு தமிழ்நாட்டரசு 40,000 தொன் அரிசியை இலங்கைக்கு அனுப்பியது. ஓகஸ்டில் கொழும்பு, சிறுபடகு இயந்திரங்களின் உயிரான மண்ணெண்ணெயின் விலையை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தியது.