ஹாம்பர்க் மேடையில் மூன்று தலைவர்கள்

ஸ்வீடனைச் சேர்ந்த இ.எஸ்.டி. (எஸ்பியோர்ன் ஸ்வென்சன் ட்ரியோ) ஜாஸ் குழு 2006 நவம்பர் 22 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்த கச்சேரியை, ஆக்ட் இசை நிறுவனம் அடுத்த ஆண்டு 'லைவ் இன் ஹாம்பர்க்' என்ற இரட்டைக் குறுந்தட்டாக வெளியிட்டது. நார்வே, ஸ்வீடன் பக்கத்திலிருந்து நான் கேட்ட பியானோ ட்ரியோ மேடைப் பதிவுகளில் இதற்கே முதலிடம் தருவேன். மூன்று பேர் வாசிக்கும் இசையில் மூன்று பேருமே தலைவர்களாக இருக்க முடியும் என்பதற்கு இந்தப் பதிவு சாட்சி.

பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் கொண்ட ஜாஸ் குழுவில் பியானோக்காரர் ராஜா, மற்ற இருவரும் பக்கவாத்தியம் என்பது பழைய ஏற்பாடு. அதை அசைத்துப் பார்த்தவர் அமெரிக்காவின் பில் எவன்ஸ். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் ஸ்காட் லஃபாரோவின் பாஸ், பால் மோஷனின் டிரம்ஸ் ஆகியவற்றோடு அவர் வாசித்தபோது, மூன்று கருவிகளும் சரிசமமாக உரையாடின. அந்த விதையை ராக் இசையின் முழக்கமும் மின்னணு இசையின் தாளமும் கலந்த மண்ணில் நட்டு வளர்த்தவர்கள் என்று இ.எஸ்.டி.யைச் சொல்லலாம்.

பதின்மூன்று ஆண்டுப் பழக்கம்

பியானோவில் எஸ்பியோர்ன் ஸ்வென்சன், பாஸில் டான் பெர்க்லுண்ட், டிரம்ஸில் மேக்னுஸ் ஓஸ்ட்ரோம். ஸ்வென்சனும் ஓஸ்ட்ரோமும் சிறுவயதுத் தோழர்கள். 1993-ல் பெர்க்லுண்ட் வந்து சேர்ந்த பிறகு குழுவில் ஆள் மாறவே இல்லை. ஹாம்பர்க்கில் மேடையேறும்போது பதின்மூன்று ஆண்டுப் பழக்கம். அதே 2006 மே மாதம் அமெரிக்காவின் 'டவுன்பீட்' ஜாஸ் இதழ் இவர்களை அட்டையில் போட்டது. ஐரோப்பிய ஜாஸ் குழு ஒன்றுக்கு அந்த இதழின் அட்டையில் இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

இந்தப் பழக்கம் முதல் உருப்படியிலேயே காதில் விழுகிறது. 'டியூஸ்டே வொண்டர்லேண்ட்' அந்த ஆண்டு வெளிவந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடல். பியானோவில் ஒரு சிறு சொற்கட்டு விடாமல் சுழல, அதன் மேல் டிரம்ஸ் படபடவென்று ஓடுகிறது. யாரும் யாரையும் முந்தவில்லை. ஒருவர் சற்று அழுத்தினால் அடுத்தவர் அங்கே இடம் விட்டு ஒதுங்குகிறார். கண்ஜாடை கூடத் தேவைப்படாத புரிதல் அது.

ஆளுக்கொரு பலம்

ஸ்வென்சனின் பலம் அவர் இடது கை. ஒரே அமைப்பை நிமிடக்கணக்கில் சோர்வில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வலது கை அவசரப்படாது. இரண்டு மூன்று சுரங்களை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கும், பிறகுதான் விரியும். பியானோவுக்குள் கைவிட்டுத் தந்திகளை அழுத்தி, கட்டையொலியாக மாற்றி வாசிப்பதும் அவர் வழக்கம். வாசித்துக்கொண்டே முணுமுணுப்பது அவர் பதிவுகளில் நன்றாகவே கேட்கும். சிலருக்கு அது இடைஞ்சல். எனக்கு அது சுரம் பிறக்கும் இடத்தைக் காட்டுகிறது.

ஓஸ்ட்ரோமின் சிறப்பு அடக்கம். ஜாஸ் டிரம்மர்கள் பெரிதும் நம்பியிருக்கும் சிம்பல் ஓட்டத்தை அவர் அதிகம் நாடுவதில்லை. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, நடன அரங்குகளின் மின்னணுத் தாளத்தைப் போன்ற வேகமான, நுணுக்கமான நெய்தலைச் சத்தம் உயராமல் தருகிறார். வேகம் இருக்கும், இரைச்சல் இருக்காது. மெல்லிய பாட்டுக்கும் அவரால் உள்ளூர ஒரு துடிப்பைக் கொடுக்க முடிவது இதனால்தான்.

இந்தக் கச்சேரியில் என்னைக் கட்டிப்போட்டவர் பெர்க்லுண்ட். 'எய்ட்ஹண்ட்ரட் ஸ்ட்ரீட்ஸ் பை ஃபீட்' உருப்படியில் வில்லை எடுத்து பாஸில் பாட ஆரம்பிக்கிறார். பியானோ அடக்கமாகத் துணை போகிறது. வேறு இடங்களில் பெடல் மூலம் ஒலியை உடைத்து, மரத்தால் ஆன அந்தக் கருவியை எலெக்ட்ரிக் கிதாராக உறும வைக்கிறார். வித்தை காட்டுவதற்காக அவர் இதைச் செய்யவில்லை. பியானோ தன் எல்லையைத் தொட்டு நிற்கும் தருணம் பார்த்துத்தான் அந்த உறுமல் வருகிறது.

மேடையில் தெரியாத நான்காவது ஆள் ஒருவரும் உண்டு: ஒலிப்பொறியாளர் ஓக்கே லிண்டன். குழுவின் நான்காம் உறுப்பினர் என்றே பலரும் அவரைச் சொல்வார்கள். மெல்லிய பிரஷ் வருடலும் பாஸின் முழக்கமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க ஒலிப்பொறியாளரின் காது வேண்டும். அந்தக் காது இங்கே வேலை செய்திருக்கிறது.

திருப்புமுனை

கச்சேரியின் உச்சம் கடைசியில் வருகிறது. 'பிஹைண்ட் தி யாஷ்மாக்' 2002-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் ப்ளேஸ் ஃபார் ஸ்னோ' ஆல்பத்தில் இடம்பெற்றது. ஹாம்பர்க்கில் அது கால் மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது. நீளம் என்பதே சாதனை ஆகாது. அந்த நேரத்தை இவர்கள் செலவழிக்கும் விதம்தான் சாதனை. ஒலி ஒவ்வொரு படியாக ஏறுகிறது. அடுத்த படியில் கால் வைப்பதற்கு முன் இருக்கும் படியில் நின்று பார்க்கிறார்கள். ஒருவர் அவசரப்பட்டிருந்தாலும் முழுக் கட்டடமும் சரிந்திருக்கும். கடைசியில் மூவரும் சேர்ந்து இறங்கும்போது ஜாஸ், ராக் என்ற பிரிவினைக்கே வேலை இல்லாமல் போகிறது.

குறை இல்லையா?

இருக்கிறது. மெதுவாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி ஏறி, முழக்கத்தில் முடிப்பது என்ற வழியை இவர்கள் அளவுக்கு மேல் நம்புகிறார்கள். இரண்டாவது தட்டில் பழகிய காது அடுத்த ஏற்றத்தை முன்கூட்டியே ஊகித்துவிடும். இந்த இடத்தில் நார்வேயின் டோர்ட் குஸ்டாவ்சன் ட்ரியோவை நினைத்துக்கொள்வேன். 2003-ல் வந்த அவர்களுடைய 'சேஞ்சிங் ப்ளேசஸ்' கடைசிவரை குரலை உயர்த்தாது. அமைதியிலேயே இறுக்கத்தைக் கூட்டும். அந்தக் கட்டுப்பாட்டில் கொஞ்சம் இ.எஸ்.டி.க்கும் வாய்த்திருந்தால் இந்தப் பதிவில் குறை சொல்ல இடமே இருந்திருக்காது.

இந்தப் பதிவு வெளிவந்த மறு ஆண்டே, 2008 ஜூன் 14 அன்று, ஸ்வென்சன் ஸ்டாக்ஹோம் அருகே கடலில் முக்குளிக்கும்போது விபத்தில் இறந்தார். வயது 44. பிறகு, 2001-ல் கோதன்பர்க்கிலும் 2005-ல் லண்டனிலும் குழு வாசித்த கச்சேரிகள் தனித்தனிப் பதிவுகளாக வந்தன. பெர்க்லுண்டும் ஓஸ்ட்ரோமும் நார்வேயின் பியானோக் கலைஞர் பூகே வெசல்டோஃப்டுடன் சேர்ந்து 'ரிம்டன்' என்ற குழுவை அமைத்து, 2019-ல் முதல் ஆல்பம் தந்தார்கள். கோதன்பர்க் பதிவில் இளமை வேகம் அதிகம், லண்டன் பதிவில் நேர்த்தி அதிகம். இரண்டும் ஒன்றாகக் கூடியது ஹாம்பர்க்கில்தான்.

புதிதாகக் கேட்பவர்கள் 'டியூஸ்டே வொண்டர்லேண்ட்' கேட்டுவிட்டு நேராக 'யாஷ்மாக்'குக்குப் போங்கள். முதல் முறை பியானோவை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை டிரம்ஸை. பியானோ ட்ரியோ என்றால் பியானோதான் என்று நினைத்திருப்பவர்கள் இரண்டே சுற்றில் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.