கொக்கின் வெள்ளை

வேடந்தாங்கல் ஏரியில் கொக்கைப் படமெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் லென்ஸின் நீளத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். படம் கெடுவதோ வெள்ளையில்தான். கருத்த நீரும் மரநிழலும் சட்டகத்தை நிறைத்திருக்கும்போது, கேமரா அந்த இருட்டைக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கொக்கின் இறகு வரிகள் அழிந்து வெறும் சுண்ணாம்புத் திட்டு மிஞ்சுகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துப் பார்த்தால் இறகுகள் திரும்பக் கிடைக்கும். கரண்டிவாயனுக்கும் இதே கணக்கு. கணினியில் பிறகு சரிசெய்யலாமே என்பார்கள். ரா கோப்பில் நிழலைத் தூக்கலாம். முற்றிலும் வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றுமே இருக்காது. நிழலைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருமே என்பது நியாயமான மறுப்பு. வரும்தான், ஆனால் பெரும்பாலும் பின்னணி நீரில் வரும், அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள்.