‘ஒற்றைப் பெற்றோர்’ என்னும் ஆக்கம்

‘சிங்கிள் பேரண்ட்’ என்பதற்குத் தமிழில் வழங்கும் ‘ஒற்றைப் பெற்றோர்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஆக்கமாகும். ‘பெற்றோர்’ தாய் தந்தை இருவரையும் ஒருசேரச் சுட்டும் பலர்பால் வடிவம். ‘ஒற்றை’ அதனோடு முரண்படுகிறது. உயர்வுப் பன்மை எனக் கொண்டாலும், பெறாது வளர்க்கும் பாட்டி இதனுள் அடங்குவதில்லை.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இச்சிக்கல் மேலும் புலனாகிறது. ஆந்திர அரசின் உதவித்தொகைத் திட்டம் கைம்பெண்ணைத் தனி வகையாக்கி, கணவனைப் பிரிந்தோர் முதலியோரை ‘ஒண்டரி மஹிள’ என்கிறது. தமிழ் ‘ஒண்டி’யோடு உறவுடைய அச்சொல் தனிமையைக் கூறுகிறது, குழந்தையைக் கூறவில்லை. மனைவியை இழந்து பிள்ளை வளர்ப்பவனுக்கோ இவ்விரு வகையிலும் இடமில்லை.

துணையைக் குறிக்கும் சொல் வேறிடத்திலிருந்து வந்தது. 1982-83இல் தொடங்கிய ஊரக மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளாலான ‘டுவாக்ரா’, 1999இல் அத்திட்டம் வேறொன்றில் இணைக்கப்பட்ட பின்னும், கூடிச் சேமித்துத் தம்முள் கடன் வழங்கும் மகளிர் சங்கத்தின் பெயராகத் தெலுங்குப் பேச்சில் நிலைத்துவிட்டது. கணவன் உண்டா எனக் கேளாது பெண்ணையும் குழந்தையையும் சேர்த்தெண்ணிய பெயர் அது (பேசுவோர் பலர் அதன் விரிவை அறியார் என்பது வேறு செய்தி). அதனைச் ‘சுய உதவிக் குழு’ எனப் பெயர்க்கையில் தன்னுதவி எஞ்சுகிறது. பிறர் துணை மறைகிறது. முன்னைய ஆக்கத்திற்கு ஈடாகத் ‘தனித்துப் பிள்ளை வளர்ப்போர்’ என்பது நீளமாயினும் பொருந்தும்.