கைட்டோசானும் கணக்கும்

இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானில் பெப்டைடு எனும் புரதத் துணுக்குகளைச் சேர்த்து மூக்கில் தெளித்துக்கொள்வது: அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த அறிவியலாளர் சிலர் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘ராட்வாக்’ கொரோனா தடுப்பு மருந்தின் சாரம் இதுதான். பிரெஸ்டன் எஸ்டெப் தலைமையிலான குழு அதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துக்கொண்டது. ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் சர்ச்சும் எடுத்துக்கொண்டார். செய்முறையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

மண்டபம் துறையில் இறால் வந்திறங்கும், ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கத்துக்கு இது ஆசை காட்டும் யோசனை. மூலப்பொருள் நம் கரையிலேயே இருக்கிறது, ஊசி தேவையில்லை, வைரஸ் உருமாறினால் துணுக்குகளை மட்டும் மாற்றினால் போதும். இவை மெய்யான வசதிகள். ஆனால், நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதிலாகாது.

வைரஸை முடக்கும் எதிர்ப்பான்களில் பெரும்பாலானவை புரதம் மடிந்து நிற்கும் வடிவத்தைத்தான் அடையாளம் காண்கின்றன. சின்னத் துணுக்கில் அந்த வடிவம் எளிதில் அமையாது. ரஷ்யாவின் ‘எபிவாக்கொரோனா’வும் பெப்டைடு வகைதான். சுமார் 100 பேரிடம் மட்டும் சோதித்த நிலையில், 2020 அக்டோபரில் அதற்குப் பதிவு கிடைத்தது. போட்டுக்கொண்ட தன்னார்வலர் பலருக்கு வழக்கமான பரிசோதனையில் எதிர்ப்பான் தென்படவில்லை. அதற்கென்றே தனிப் பரிசோதனை வேண்டும் என்றது, தயாரித்த வெக்டர் ஆய்வகம். இதை வைத்துப் பெப்டைடு வழியையே தள்ளிவிட முடியாது. ஆனால் தயாரித்தவரே அளவுகோலையும் வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

ராட்வாக்கில் அளவுகோலே இல்லை. ஒப்பிட மறுதரப்பு இல்லாதபோது, எடுத்துக்கொண்டவருக்கு நோய் வராதது மருந்தாலா, முகக்கவசத்தாலா என்று பிரித்தறிய வழியில்லை. 2021 ஜனவரியில் இந்தியாவின் கோவேக்சின் தடுப்பூசிக்கு அவசர அனுமதி கொடுத்ததும் கண்டிக்கத்தக்க முந்தல்தான். மூன்றாம் கட்ட முடிவு அப்போது வரவில்லை. ஆனாலும் சுமார் 25,800 பேரை வைத்து அந்தச் சோதனை முடிக்கப்பட்டது. நோய் கண்ட 130 பேரில் 106 பேர் போலி ஊசி போட்டுக்கொண்டவர்கள், 24 பேர் மருந்து பெற்றவர்கள். 77.8 விழுக்காடு தடுப்புத்திறன் என்ற எண்ணை யாரும் சரிபார்க்கலாம்.

மூக்குவழி என்பதும் குறையல்ல. அத்தகைய இன்கோவாக் தடுப்பு மருந்து 2022இல் இந்தியாவில் முறையான சோதனைக்குப் பிறகே அனுமதி பெற்றது. ஆகவே தீர்ப்பு இது: ராட்வாக்கின் திறந்த செய்முறை ஆய்வகத்துக்குப் போகத் தகுதியானது, ஒப்பீட்டுச் சோதனை நடக்கும்வரை உச்சிப்புளி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையத் தகுதியற்றது.