‘யாருக்கு?’ என்று கேட்போம்!

திருவண்ணாமலையிலே, செங்கம் சாலையிலே, ரமணாசிரமப் பகுதியிலே, ‘நான் யார்?’ என்ற கேள்வி பெரும்புகழ் பெற்றது. கடல் கடந்து வந்தோரும் கண்மூடி அமர்ந்து விடை தேடுகின்றனர். தேடட்டும், தடுப்பாரில்லை. நாமோ கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேறொன்று கேட்கிறோம். அவ்வழியே செல்லும் 14 கிலோமீட்டர் மலைசுற்றும் பாதைக்குச் சாலை வேண்டும், விளக்கு வேண்டும், சாக்கடை வேண்டும். செலவாவது மக்கள் பணம். அந்த வேலைகளுக்கான ஒப்பந்தம் யாருக்கு? எந்த அளவுகோலால்?

விடை கூறும் நூல் ஒன்று உண்டு: 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். காவியத்தை எடைபோடும் நாம் சட்டத்தையும் எடைபோடுவோம்.

அதன் 10 ஆம் பிரிவு, முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களின்படி ஒப்பிட்டு, குறைந்த புள்ளியையே ஏற்கவேண்டும் என்கிறது. வேண்டியவருக்கு வாரி வழங்கும் வழக்கத்துக்குப் பூட்டிய கடிவாளம் அது, பாராட்டுகிறோம். ஆனால் 11 ஆம் பிரிவைப் படியுங்கள். குறையுடையோர் 10 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யார் செய்யலாம்? போட்டியிட்ட ஒப்பந்தக்காரர். யாரிடம்? அரசிடம்! அரசுத்துறை வழங்கிய ஒப்பந்தத்தின் குறையை அரசே கேட்கும். வரி கொடுத்தவனுக்கோ அந்தப் பிரிவிலே இடமில்லை.

நீதிமன்றம் இல்லையா என்பீர். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் கைப்பேசி உரிமம் பற்றிய டாட்டா செல்லுலார் வழக்கிலே, 1994 இல் உச்சநீதிமன்றம் எல்லை வகுத்தது: முடிவெடுத்த முறையை ஆராய்வோம், முடிவின் தகுதியை ஆராயோம். நீதிபதி பொறியாளர் அல்லர், நியாயமே. அப்படியானால் தகுதியை ஆராய்வது யார்?

இது வெறும் ஏட்டு வாதமன்று. இதே மாவட்டத்திலே, தென்பெண்ணையின் குறுக்கே, அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க ஏறத்தாழ 16 கோடி ரூபாயிலே பாலம் எழுந்தது. 2024 செப்டம்பரில் திறந்தனர். டிசம்பரில் வெள்ளம் கொண்டுபோயிற்று. வடிவமைத்த அளவைவிடப் பன்மடங்கு நீர் சாத்தனூர் அணையிலிருந்து வந்தது என்றது அரசு. ஒப்பந்தக்காரரைக் குற்றவாளி என நாம் கூறவில்லை. கேள்வி வேறு. விலையை ஒப்பிடச் சட்டம் உண்டு. ஆற்றின் வெள்ளத்தைக் கணித்த அந்த அளவையே கேள்வி கேட்க, கரையில் வாழ்வோர்க்கு வாய்ப்பு எங்கே?

பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். பத்தாம் நூற்றாண்டிலேயே, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் வாரியத்துக்கு ஆகாதென விலக்கியது அது. நல்லது! ஆனால் நிலமும் வேதப்பயிற்சியும் உடையோர்க்கே குடவோலையில் பெயர். ஏரிக்கரையில் மண் சுமந்தவன் கணக்குக் கேட்க முடிந்ததா? இன்றைய சட்டமும் போட்டியாளருக்குக் கதவு திறந்து, பொதுமக்களை வாயிலிலேயே நிறுத்துகிறது. சாதி அளவுகோல் போயிற்று; வாயிற்படி போகவில்லை!

ஆகவே கேட்கிறோம்: ஒப்பீட்டுப் பட்டியலையும் வடிவமைப்பின் அடிப்படையையும், வேலை தொடங்குமுன் அந்தந்த ஊரிலே தமிழில் எழுதி வையுங்கள். முறையீட்டை அரசுக்குக் கட்டுப்படாத மன்றத்திடம் ஒப்படையுங்கள். அங்கே குடிமகனும் வழக்குரைக்க உரிமை தாருங்கள்.

தோழர்களே, வெள்ளத்தை விதியென்று சொல்வது எளிது. பாலத்தின் அளவை விதி எழுதவில்லை, மனிதன் எழுதினான். மனிதன் எழுதியதை மனிதன் கேட்கலாம், திருத்தலாம். கேட்போம்!